பாப்பாவின் படிப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து நோய் சொல்லும் என் துறையிலேயே, பாப்பாவுக்கு எம்.டி. ரேடியாலஜி கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

வகுப்பு சரியாக நடப்பதில்லை, லேப்டாப்பே கதி என்று இருக்கிறாள், இது போதுமா என்று கேட்டிருந்தாய். லேப்டாப்பில் படிப்பதைத் தடுக்காதே. நம் காலத்தில் அபூர்வமான கேஸ் என்றால் புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு படம், அவ்வளவுதான். இன்று ரேடியோபீடியா என்ற இணையதளத்தைத் திறந்தால் முழு சி.டி. ஸ்கேனையும் மேலிருந்து கீழே உருட்டிப் பார்க்கலாம், காசில்லாமல். ஃபிராங்க் கெய்லார்ட் என்ற ரேடியாலஜிஸ்ட் 2005-இல் மெல்போர்னில் தொடங்கியது. அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் அங்கே கேஸைத் திறக்கும்போதே அதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஓ.பி.யிலிருந்து வரும் மார்பு எக்ஸ்ரே அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. நார்மலாக வரும் படங்களுக்கு நடுவே ஒன்றில், காறை எலும்புக்குப் பின்னால் நுரையீரல் உச்சியில் சின்ன நிழல் ஒளிந்திருக்கும். இன்னொன்றில் நிமோனியா பளிச்சென்று தெரியும். அதைக் கண்டுபிடித்த திருப்தியில் கண் நின்றுவிடும், உடைந்த விலா எலும்பு தப்பிவிடும். பக்கத்தில் சீனியர் உட்கார்ந்து "சரி, வேறென்ன?" என்று தினமும் கேட்டால்தான் அந்தப் பழக்கம் போகும். நார்மலை நார்மல் என்று துணிந்து எழுதவும் அப்படித்தான் வரும்.

அல்ட்ராசவுண்டுக்கோ வீடியோ போதவே போதாது. அப்பெண்டிக்ஸ் பற்றி சர்ஜன் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தேட, வலது அடிவயிற்றில் ஸ்கேன் கருவியின் ப்ரோபை மெல்ல மெல்ல அழுத்தி, குடலையும் வாயுவையும் விலக்க வேண்டும். வீங்கிய அப்பெண்டிக்ஸ் அழுத்தினாலும் சப்பையாகாது, 6 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கும். இதெல்லாம் வீடியோவிலும் உண்டு. வலியில் துடிக்கிற பையனை எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் மாணவர் கைமேல் என் கையை வைத்துத்தான் காட்ட முடிகிறது.

அவளிடம் ஒன்று சொல். சீனியர் எழுதுவதற்கு முன்பே தன் ரிப்போர்ட்டை எழுதி வைக்கட்டும். அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே மாறினதோ அங்கே ஏன் என்று போய்க் கேட்கட்டும். கூச்சப்பட்டால் இந்தப் படிப்பு வராது.

பொங்கல் விடுமுறையில் ஒரு வாரம் இங்கே அனுப்பி வை. என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கட்டும். நீயும் கூட வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்