மருதாணி அல்ல

கும்பகோணம்

அன்புள்ள சின்னவனுக்கு,

போன தீபாவளிக்கு வந்தபோது என் கையைப் பார்த்து, "மருதாணி இன்னும் போகவில்லையே அம்மா" என்றாய். நானும் தலையாட்டிவிட்டேன். நகமே மஞ்சளாகிவிட்டதடா. அதை மறைக்கத்தான் மருதாணி.

நகத்தைப் பார்த்த மருத்துவர் பூஞ்சை என்று மாத்திரை கொடுத்தார். கால் வீக்கத்தைப் பார்த்தவர் யானைக்காலோ என்று ராத்திரியில் ரத்தம் எடுத்தார். நம் ஊர்க் கொசுவுக்கு அந்தப் பெயர் உண்டே. தை மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வலது நுரையீரலைச் சுற்றி நீர். ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். கிருமி தெரியவில்லை, ஆனாலும் காசநோய் மாத்திரை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதுதான் மிச்சம். நீர் மறுபடியும் சேர்ந்தது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் அதைத்தான் நினைப்பார்கள்.

கடைசியில், விரலில் ஆக்ஸிஜன் கருவியை மாட்ட வந்த இளம் மருத்துவர் தயங்கி நின்றார். மருதாணி படாத கால் நகத்தைக் காட்டச் சொன்னார். தடித்து, வளைந்து, அடியில் இருக்கும் வெள்ளைப் பிறை இல்லாமல் கிடந்தது. "சளி எத்தனை வருடமாக?" என்றார். அம்மாவின் இருமலைக் கேட்டுத்தானே நீ வளர்ந்தாய்!

மஞ்சள் நக நோய் என்கிறார்கள். 1964இல் சாம்மன், ஒயிட் என்ற இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் 13 பேரிடம் கண்டு எழுதினார்களாம். உடம்பின் திசுக்களிலிருந்து வடிய வேண்டிய நிணநீர் சரியாக வடியாததால் காலில் வீக்கம், நெஞ்சில் நீர் என்று கருதுகிறார்கள். அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. வைட்டமின் ஈ சாப்பிடுகிறேன், காலுக்கு இறுக்கமான காலுறை, காலையில் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி. நீர் சேர்ந்தால் எடுக்கிறார்கள். இரண்டு முறை எடுத்தாயிற்று. நேற்று மாடிக்குப் போய் வடகம் காயவைத்தேன், நடுவில் ஒரு முறைதான் உட்கார்ந்தேன்.

உனக்கும் வருமோ என்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்காதே. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் வருகிறது, பரம்பரையாக வருவது மிக அரிது.

டிக்கெட் போட்டு ஓடி வர வேண்டாம், பொங்கலுக்கு வந்தால் போதும். என்ன வாங்கி வர என்று கேட்பாய். போன முறை தந்த நகவெட்டி அப்படியே இருக்கிறது. இந்த நகம் எங்கே வளர்கிறது, வெட்டுவதற்கு?

அம்மா