"எழுத்து உடைகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி அலுவலகத்தினருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்களுக்கும், கோயில் நிர்வாகத்தினருக்கும்

வணக்கம்.

கணினியில் கோளாறு என்றால் புலனத்தில் (வாட்ஸ்அப்) எங்களுக்கு எழுதுகிறீர்கள். தயங்காமல் எழுதுங்கள். ஆனால் "எழுத்து உடைகிறது, அவசரம்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய முடிவதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கு ஒருவர் நேரில் வந்து திரும்பினால் அரை நாள் போய்விடும். கண்ணில் பட்டதை அப்படியே எழுதினால் பெரும்பாலும் அந்தச் செய்தியிலேயே வேலை முடிந்துவிடும்.

எப்படி உடைகிறது என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நிர்மலா யூஐ போன்ற ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவுக்கு மாற்றினால் போதும். ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பயப்பட வேண்டாம், எழுத்துருவை நிறுவினாலோ ஒருங்குறிக்கு மாற்றினாலோ மீண்டும் படிக்கலாம். திருவிழா அழைப்பிதழ் வடிவமைக்கும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் முளைத்தாலோ, கோளாறு அந்த மென்பொருளின் அமைப்பில். ஆகவே மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்விக்குறிகள்தான் உண்மையான ஆபத்து. மாணவர் பட்டியலை எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாக (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு வகை) சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்பிலேயே எழுத்து அழிந்துவிட்டதால் எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது. எக்செல் இன்னும் மூடப்படாமல் இருந்தால் திரையில் தமிழ் அப்படியே இருக்கும். மூடாமல் உடனே எக்செல் கோப்பாகவே வேறு பெயரில் சேமித்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். இனிமேல் சிஎஸ்வி தேவைப்பட்டால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்து சரியாக இருந்தும் பக்கம் மட்டும் தள்ளிப்போவதை உடைசல் என்று எழுதாதீர்கள். விண்டோஸ் 10 முதல் லதா எழுத்துரு தானாக வருவதில்லை, விண்டோஸ் அமைப்புகளில் உள்ள விருப்பக் கூறுகளில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். கோப்பு லதாவில் இருந்தால் கணினி வேறு எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும், வரி நீளம் மாறிவிடும்.

விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று அறிய விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, 'வின்வெர்' (winver) என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் உள்ள எண்ணை முழுதாக எழுதுங்கள்.

திரையைக் கைப்பேசியால் படம் பிடிக்காதீர்கள். விண்டோஸ் விசையோடு பிரின்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால் படம் பிக்சர்ஸ் அடைவில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உள் அடைவில் விழும். அதைப் புலனத்தில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி, சிறிய எழுத்து மங்கிவிடும். பிழைச் செய்தியில் பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும் எண் இருந்தால் ஓர் எழுத்தும் விடாமல் தட்டச்சு செய்யுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் நாங்கள் வேறு கோளாறைத் தேடிக்கொண்டிருப்போம்.

எதைச் சொடுக்கியபின் வந்தது, ஒவ்வொரு முறையும் வருகிறதா, அதே கோப்பு வேறு கணினியில் சரியாகத் திறக்கிறதா, அதற்கு முன்னால் எதையாவது புதிதாக நிறுவினீர்களா என்பவற்றை எழுதுங்கள். நீங்களே முயன்று பார்த்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதையே மறுபடி செய்யச் சொல்வோம். "வைரஸ்தான்" என்ற முடிவை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள்.

கோப்பை அனுப்பும் முன் அதன் நகலில் இரண்டு வரிகளை மட்டும் வைத்து, மாணவர் பெயர்களையும் மைகிட் (பிள்ளைகளின் அடையாள அட்டை) எண்களையும் நீக்கிவிட்டு, கோளாறு இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த நகலே போதும். கடவுச்சொல்லை யார் கேட்டாலும், நாங்களே கேட்டாலும், எழுதாதீர்கள்.

சரியானதும் எந்தப் படியில் சரியானது என்று அதே குழுவில் ஒரு வரி போடுங்கள். அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கும் அதே கோளாறு வரும்.

இப்படிக்கு,
கணினி உதவித் தன்னார்வலர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்