தாழ்ந்த இமை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் எழுதக் கை வரவில்லை. மீனுவுக்கு நெஞ்சுக்குள் ஒரு கட்டி இருந்தது. எடுத்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறாள். நீ பதறிவிடாதே.

இருமல் விடவில்லையே என்றுதான் எக்ஸ்ரே எடுத்தோம். இடது பக்கம் மேலே, முதுகெலும்பை ஒட்டி ஒரு நிழல். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "இந்த இமை எவ்வளவு நாளாக இப்படி?" என்றார்.

பிறந்தநாள் படத்தைப் பார்த்து, ஒரு கண் மட்டும் தூங்குகிறதே என்று நீ எழுதியிருந்தாய். நானும் அதைச் சொல்லித்தான் கொஞ்சிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குப் போகும் ஒரு நரம்பு முதலில் நெஞ்சுக்கு இறங்கி, அப்புறம் கழுத்து வழியாக மேலே ஏறுகிறதாம். அதைக் கட்டி அழுத்தினால் இமை தாழும், கண்பாவை சுருங்கும், முகத்தில் அந்தப் பக்கம் வியர்க்காது. ஓடி விளையாடிவிட்டு வந்தால் ஒரு கன்னம் மட்டும் சிவந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன், கலா. பார்த்தும் தெரியவில்லை.

நியூரோபிளாஸ்டோமா என்றார்கள், குழந்தைகளுக்கு வரும் ஒரு வகைப் புற்றுநோய். கருவிலேயே நரம்பாக முதிர்ந்திருக்க வேண்டிய செல்கள் முதிராமல் நின்று பெருகிவிடுவது. வயிற்றில் அட்ரினல் சுரப்பியில்தான் அதிகம் வருமாம். நெஞ்சில் வந்தால் குணமாகும் வாய்ப்பு பொதுவாகக் கூடுதல் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டினேன்.

சிறுநீர்ப் பரிசோதனை, இந்தக் கட்டி உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. எம்.ஆர்.ஐ.க்குத்தான் மிகவும் பயந்தேன். இந்தக் கட்டி முதுகெலும்பின் இடுக்கு வழியாக உள்ளே புகுந்து தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் பலமிழக்கலாம். முடிவு வரும்வரை அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை. வேறு எங்கும் பரவவும் இல்லை. கட்டியை வேகமாக வளரவைக்கும் எம்.ஒய்.சி.என். என்ற மரபணுவும் பெருகியிருக்கவில்லை. அதனால் அறுவை சிகிச்சையே போதும், கீமோ வேண்டாம் என்றார்கள். விலாவில் 3 சிறு துளைகள், அவ்வளவுதான்.

கர்ப்பத்தில் நான் ஏதாவது தப்பு செய்தேனா என்று கேட்டேன். இல்லை, பரம்பரையாக வருவதும் மிக அபூர்வம் என்றார். நம்புகிறேன். ஆனாலும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இமை அப்படியேதான் இருக்கிறது, நிமிராமலே போகலாமாம். எப்போது தாழ ஆரம்பித்தது என்று பழைய படங்களை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நீ எடுத்த படங்கள் இருக்குமே, தேடி அனுப்பு. முகம் நேராகத் தெரிகிற படமாக இருக்கட்டும்.

உன்
சுமதி