கிணற்றில் இறங்கிய கதை, மறுபடியும்

லீட்ஸ், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் மறக்காமல் விடச் சொல்.

இந்த வயதில் மலையேற்றமா என்று கேட்டிருந்தாய். ஏறுவது இல்லையடா, கயிற்றில் தொங்கிக் குகைக்குள் இறங்கப் பழகுகிறேன்! தூர் வார உன் இடுப்பில் வடத்தைக் கட்டிக் கிணற்றில் விட்டோமே, கிட்டத்தட்ட அதேதான். என்ன, இங்கே மேலே இழுக்க ஆள் கிடையாது. இறங்கியவனே ஏறி வர வேண்டும்.

யார்க்‌ஷயர் பக்கம் நிறைய இடம் சுண்ணாம்புக்கல் பூமி. மழைத்தண்ணீர் கல்லைக் கரைத்து நேர்க்குத்தாகக் குகைகளைக் குடைந்து வைத்திருக்கிறது. கேப்பிங் கில் என்ற இடத்தில் ஓர் ஓடை அப்படியே 98 மீட்டர் கீழே விழுகிறது. 1895-இல் மார்ட்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் அதில் நூலேணியில் இறங்கினார். இப்போதெல்லாம் ஒற்றைக் கயிறுதான், சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. ஏற நெஞ்சில் ஒரு கவ்வி, கையில் ஒன்று, அதிலிருந்து காலுக்கு ஒரு வளையம். கவ்வி மேலே நகரும், கீழே வழுக்காது. காலை மடக்கி மடக்கி எழுவதால் இதற்குத் தவளை முறை என்றே பெயர்.

இதெல்லாம் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. மானத்தை வாங்கியது ரீபிலே. கயிறு பாறையில் உரசினால் அறுந்துபோகும் என்பதால் நடுவழியில் இன்னோர் இடத்தில் அதை மறுபடி கட்டியிருப்பார்கள், அந்த இடத்துக்குத்தான் ரீபிலே என்று பெயர். அங்கே இடுப்பிலிருக்கும் குட்டைக் கயிற்றைக் கொக்கியில் மாட்டித் தொங்கிக்கொண்டு, இறங்கு கருவியைக் கழற்றி அடுத்த கயிற்றில் போட வேண்டும். போட்டேன். பிறகு கொக்கியைக் கழற்றப் பார்த்தால் முடியவில்லை. என் பாரம் முழுக்க அதில்தானே தொங்குகிறது! பயிற்சிக் கூடத்தின் உத்தரத்தில் கால் மணி நேரம் வௌவால் மாதிரி கிடந்தேன். சொல்லித்தரும் பெண்ணுக்கு உன் மூத்தவள் வயதுதான் இருக்கும். கீழே நின்று, “அவசரமில்லை, யோசியுங்கள்” என்றாள். கடைசியில் பக்கத்தில் தொங்கிய கயிற்றின் வளைவு கண்ணில் பட்டது. அதில் காலை வைத்து எழுந்தேன், கொக்கி தளர்ந்தது. அவள் முதல் நாளே சொன்னதுதான், என் காதில் ஏறவில்லை.

அடுத்த மாதம் மழை குறைந்தால் நிஜக் குகை, சின்னதாக ஒன்று. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீயும் போனில் உளறி வைக்காதே.

நம் கிணற்றுக் கமலைக்கல் இன்னும் இருக்கிறதா? வடம் தேய்த்த பள்ளம் அதில் விரல் ஆழத்துக்கு இருக்குமே. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கயிறும் கல்லும் உரசினால் கயிறுதான் தோற்கும் என்று இவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் ஞாபகம் வருகிறது.

அன்புடன்,
சேகர்