உருண்டை மூலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கிலாந்திலிருந்து நீ அனுப்பிய ராச்செஸ்டர் கோட்டைப் படம் வந்தது. பின்னால் மெட்வே ஆறுகூடத் தெரிகிறது, உன்னைத்தான் காணோம். கூட ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அந்தப் பெரிய கோபுரத்தைச் சுற்றி நடந்து பார்த்தாயா? மூன்று மூலை சதுரம், தெற்குப் பக்கத்து மூலை ஒன்று மட்டும் உருண்டை. 1127-ல் கான்டர்பரி பேராயர் வில்லியம் கட்ட ஆரம்பித்தபோது நான்கும் சதுரம்தான். 1215-ல் கலகக்காரர்கள் உள்ளே புகுந்துகொள்ள, ஜான் மன்னர் வளைத்துக்கொண்டார். அடியில் சுமார் 12 அடி கனச் சுவர், கல்லெறி பொறிக்கு அசையவில்லை. மன்னரின் ஆட்கள் மூலைக்கு அடியில் சுரங்கம் வெட்டினார்கள். வெட்ட வெட்ட மரத்தால் முட்டுக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் வெட்டுகிறவன் தலையிலேயே இறங்கிவிடும். நவம்பர் 25-ல் மன்னர் கடிதம் போடுகிறார்: சாப்பிட உதவாத கொழுத்த பன்றி 40 அனுப்பு. அந்தக் கொழுப்பில் முட்டு எரிந்தது, மூலை சரிந்தது. இரண்டு சுவரும் சேருகிற இடம் அது, அடி போனால் இரண்டுமே பிளக்கும். பிறகு மூன்றாம் ஹென்றி காலத்தில் உருண்டையாக எடுத்துக் கட்டினார்கள்.

மூலை சரிந்தாலும் அன்று கோபுரம் நின்றது. நடுவில் ஒரு குறுக்குச் சுவர், கலகக்காரர்கள் அதற்கு அந்தப் பக்கம் போய் நின்று சண்டை போட்டார்கள். கிணறும் அந்தச் சுவருக்குள்தான், மாடிக்கு மாடி தண்ணீர் இறைக்கலாம். சாப்பாடுதான் இல்லை, குதிரையைத் தின்றார்கள். நவம்பர் 30-ல் சரணடைந்தார்கள். நேரத்துக்குச் சாப்பிடு பாப்பா.

நீ அறை மாறியதே அத்தை சொல்லித்தான் தெரியும். கீழ்த்தளமாமே. சமைக்கும்போது ஜன்னலைத் திற, கட்டிலைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளிப் போடு. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லையே உதிர்க்கும். கையால் தட்டிப் பார், பொள்ளென்று கேட்டால் வீட்டுக்காரரிடம் சொல். தனியாகப் போய் இவ்வளவு தூரம் நிமிர்ந்தவள் நீ, இதைச் சொல்லத் தயங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

வேலை விஷயம் சொன்ன அன்று, எடுத்த எடுப்பில் காரணம் கேட்டேன். இரண்டாவது முறையும் அதையே கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. என் தப்பு அது, அம்மா அன்றைக்கே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான்தான் எடுப்பேன், காரணம் கேட்கமாட்டேன்.

அப்பா