வார்டுப் பொறுப்பேற்ற மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இன்சார்ஜ் சிஸ்டர் ஆனதில் அப்பாவுக்கும் எனக்கும் உள்ள மகிழ்ச்சியைப் போனிலேயே சொல்லிவிட்டோம். கோபமே வராதவளாக மாறினால்தான் வார்டை நடத்த முடியுமா என்று அன்று நீ கேட்டாயே, அதற்கு மட்டும் உட்கார்ந்து எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அரசு மருத்துவமனை வார்டுகளிலேயே பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்பதால் அந்த வேலையும் எனக்குத் தெரியும், பெற்றவள் என்பதால் உன்னையும் தெரியும்.

கோபம் வரும், வர வேண்டிய இடத்தில் வரத்தான் வேண்டும். இன்சுலின் அளவை இரண்டு பேர் சரிபார்க்காமல் ஏற்றினாலோ, டைல்யூட் செய்யாத பொட்டாசியம் குளோரைடு மற்ற ஆம்பூல்களோடு ஒரே தட்டில் கிடந்தாலோ உன் நெஞ்சு படபடப்பதில் தவறே இல்லை. அப்படியே நரம்பில் போனால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய மருந்து அது. ஆனால் அந்தப் படபடப்பு குரலில் ஏறி, எல்லோர் முன்னிலையிலும் ஓர் இளம் நர்ஸின் மேல் விழுந்துவிட்டால், அடுத்த முறை அவள் தவறு செய்யும்போது உன்னிடம் வந்து சொல்ல மாட்டாள். ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் நேரும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் கூடுதலாக இருந்தன. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னதே அதற்குக் காரணம் என்று பின்னர் அவர் கண்டறிந்தார். "என் வார்டில் தவறே நடப்பதில்லை" என்று பெருமை பேசும் இன்சார்ஜைப் பார்த்தால் அங்கே படுத்திருக்கும் நோயாளிகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை வரும்.

உன்னைப் பொறுத்தவரை எனக்குள்ள கவலை வேறு. நீ சத்தம் போடுகிறவள் இல்லை. கோபம் வந்தால் உன் உதடு இறுகும், கேட்டதற்கெல்லாம் ஒரே சொல்லில் பதில் வரும், முகத்தில் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே அப்படித்தான். அதை நிதானம் என்று நீயும் நம்புகிறாய், பார்க்கிறவர்களும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குகிறவர்களைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். வெளியே அமைதி தெரிந்தாலும் உடம்புக்குள் கொந்தளிப்பு குறைவதில்லை. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அப்படி அடக்கிக்கொண்டு பேசியவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. நீ வாயே திறக்காமல் வார்டைச் சுற்றி வரும் நாளில் உன்னிடம் வேலை பார்க்கும் பெண்கள் எவ்வளவு பதறுவார்கள் என்பதை இதிலிருந்து நீயே ஊகித்துக்கொள்ளலாம். எதற்காகச் சிஸ்டர் பேசாமல் இருக்கிறார், யார் மேல் கோபம் என்று தெரியாத பயத்தில் ஊசி போடும் கை நடுங்கும்.

ஆகவே உதடு இறுகுகிறது என்று உணர்ந்த அந்தக் கணத்திலேயே நின்றுவிடு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும் என்பது உனக்கே தெரிந்த உடலியல்தான். பிறகு வாய்விட்டுச் சொல்: "எனக்கு இப்போது பதற்றமாக இருக்கிறது, முதலில் பேஷண்டைப் பார்ப்போம், டூட்டி ஓவர் கொடுத்தபின் நாம் இருவரும் தனியாகப் பேசலாம்." சொன்னபடி அன்றைக்கே பேசிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அது வேறொரு தண்டனையாகிவிடும்.

மற்றவர்களின் கோபத்துக்கும் ஓர் எல்லை வை. டாக்டர் உன் நர்ஸை எல்லோர் முன்னிலும் திட்டினால், "சார், என்ன நடந்தது என்று நான் விசாரித்துச் சொல்கிறேன், இங்கே வேண்டாம்" என்று தாழ்ந்த குரலில் குறுக்கே நிற்பது உன் கடமை. மேலிருந்து வாங்கிய திட்டைக் கீழே இறக்கிவிடும் பழக்கம் நம் தொழிலில் மிகப் பழையது, அது உன்னோடு நிற்கட்டும். நோயாளியின் உறவினர் கத்தும்போது அது பெரும்பாலும் பயம் என்று புரிந்துகொள், ஆனால் கை ஓங்கினால் அங்கே புரிதலுக்கு இடமில்லை, உடனே செக்யூரிட்டியைக் கூப்பிடு.

இறப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சாவையும் வீட்டுக்குச் சுமந்து வந்தால்தான் அன்புள்ள நர்ஸ் என்று எண்ணாதே. மூளை ஆராய்ச்சியாளர்களான டானியா சிங்கரும் ஓல்கா கிலிமெக்கியும் செய்த ஆய்வில், பிறர் வலியைத் தம் வலியாகவே உணரப் பயிற்சி பெற்றவர்களின் மனம் சோர்ந்தது. அவர்களுக்கே பின்னர், வலியில் இருப்பவருக்கு நன்மையை விரும்பும் பரிவுப் பயிற்சி அளித்தபோது மனம் தேறியது. சாகிறவரின் கையைப் பிடித்துக்கொள், குடும்பத்தாரைச் சற்று நேரம் உள்ளே விடு, உடம்பைத் துடைத்து மரியாதையாக ஒப்படை. உன்னால் ஆனது அவ்வளவும் செய்தபின் அந்தத் துயரம் அவர்களுடையது.

இந்த எல்லையைத் தாண்டி மனம் மரத்துப்போவதும் உண்டு, அதையும் கவனி. நோயாளியின் பெயர் நினைவில் நிற்காமல் "ஏழாம் பெட்" என்று மட்டுமே வாயில் வரத் தொடங்கினால், நீ களைத்துவிட்டாய் என்று பொருள். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை வரையறுத்தபோது, களைப்போடு வேலையிலிருந்து மனம் விலகிப்போவதையும் சேர்த்தே குறிப்பிட்டது. அப்போது லீவு கேட்கத் தயங்காதே. உன் கீழ் உள்ள பெண்கள் லீவு கேட்டால் முகம் சுளிக்காதே. லீவில் இருப்பவளை வாட்ஸ்அப்பில் துரத்தாதே.

எனக்கும் இது பொருந்தும். நைட் டூட்டி முடிந்த காலையில், அம்மா காத்திருப்பாளே என்று தூக்கத்தோடு இனிமேல் போன் செய்ய வேண்டாம். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, தோன்றும்போது பேசு. அடுத்த மாதம் வரும்போது எத்தனை நாள் இருப்பாய் என்று மட்டும் முன்கூட்டியே எழுது, அப்பா டிக்கெட் போட வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா