கண்மாய் மீன்பாசி ஏலம் எடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏலதாரர்களுக்கு,

வணக்கம். மீன்பாசியை, அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுக்கும் நீங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் பெருகியதும் மீன்குஞ்சு வாங்கி விடத் தொடங்குவீர்கள். அதற்கு முன், நிறைய விட்டால் நிறையக் கிடைக்கும் என்ற கணக்கை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கண்மாயின் விளைச்சலை அதன் நீர்ப்பரப்பில் உண்டாகும் பாசியும் மிதவை உயிரிகளும் அடியில் மட்கும் கழிவும்தான் முடிவு செய்கின்றன; குஞ்சுகளின் எண்ணிக்கை, அந்த விளைச்சலை எத்தனை வாய்களுக்குப் பங்கிடுவது என்பதைத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. எருவும் தீவனமும் இட்டு வளர்க்கும் பண்ணைக் குட்டைகளுக்கு ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சுகள் என்று சொல்லப்படும் அளவைத் தீவனமே போடாத கண்மாய்க்கும் எடுத்துக்கொண்டால், பங்குனியில் நீர் சுருங்கச் சுருங்க அதே மீன்கள் குறைந்த இரைக்கும் குறைந்த பிராணவாயுவுக்கும் முட்டி மோதி, எடை ஏறாமலே வலைக்கு வரும்.

விலை கிடைக்கிறது என்று கட்லா என்னும் கெண்டை மீனை மட்டும் விடுவோரும் உண்டு. ஒரே இனத்து மீன்களுக்கு இரையும் ஒன்று, இடமும் ஒன்று என்பதால் போட்டி அங்கேதான் கடுமை. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேய்வதால்தான் இம்மூன்றும் ஒரே நீரில் ஒத்துப்போகின்றன. வெள்ளிக்கெண்டை அப்படியன்று, அது கட்லாவின் பந்தியிலேயே உட்காரும். இமாச்சலப் பிரதேசத்தின் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்தில் 1971-இல் தவறிப் புகுந்த வெள்ளிக்கெண்டை பெருகப் பெருகக் கட்லா அங்கே சரிந்துபோனது.

ஜிலேபியின் கதை வேறு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே காப்பதால் சேதாரம் குறைவு. இரண்டு மூன்று மாதத்திலேயே அடுத்த தலைமுறையும் முட்டையிடத் தயாராகிவிடும். பிற மீன்களின் இரையைப் பறிக்கும் அதே ஜிலேபி, நெரிசல் மிகுந்ததும் தன் இனத்தோடே போட்டியிட்டு, முதிர்ந்தும் விரல் நீளத்திலேயே நின்றுவிடுகிறது. கூடை கூடையாக அள்ளினாலும் சந்தையில் அதற்கு என்ன விலை என்பதை நீங்களே அறிவீர்கள்.

அந்த ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று கட்டுக்குள் வைப்பது விரால் மீன். அதையோ, நீங்கள் விடும் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்று அஞ்சி இலுப்பைப் பிண்ணாக்கு போட்டு அழிக்கிறீர்கள். அயிரையும் உளுவையும் கெளுத்தியும் கூடவே செத்து மிதக்கின்றன. பொடிக் குஞ்சுகளைத் தவிர்த்து, சற்றே வளர்ந்த விரலளவுக் குஞ்சுகளை வாங்கி விட்டால் விராலுக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. இந்த ஆண்டு நீர்ப்பரப்பை அளந்த பிறகு, வழக்கமாக விடும் எண்ணிக்கையில் பாதியை மூன்று இனங்களாகப் பிரித்து விட்டு, சித்திரையில் பிடிபடும் மீன்களை எண்ணிக்கையோடு எடையும் போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்க் கரையில் வசிக்கும் ஒருவன்